நோக்கம்: ஒரு வரிக்குள்

விண்ணப்பத்தில் 'நோக்கம்' என்ற இடத்துக்கு
அரைவிரல் அகலம்தான் விட்டிருக்கிறது வங்கி.
'இரண்டாவது தந்தூர்' என்று எழுதினாள் மவ்ஸூனா,
மாவு ஒட்டிய விரலில் பேனா வழுக்க.
மூவாயிரம் சோமோனி. வாரம் எழுபது. ஐம்பத்திரண்டு வாரம்.
சொத்துக் கணக்கெடுக்க உள்ளே எட்டிப் பார்த்தேன்:
ஒரு தந்தூர், ஒரு சைக்கிள், மடித்து அடுக்கிய பதினொரு மெத்தை,
சுவரில் ஓர் ஆணி,
ஆணியில், ஓரம் கடிபட்ட ஒரு ரொட்டி.

அதை எந்தக் கட்டத்திலும் எழுத முடியவில்லை.
மாஸ்கோவுக்குக் கட்டிட வேலைக்குக் கிளம்பிய காலை
நூரிதின் கடித்துவிட்டுப் போனது.
போனவர் வந்துதான் மீதியைத் தின்ன வேண்டும், எங்கள் வழக்கம்.
இஸ்ஃபராவில் இப்படியொரு ரொட்டி தொங்காத தெரு
தவணை வசூலுக்குப் போகிற என் கண்ணில் பட்டதில்லை.
மூன்று வருடம். கல்லாகிவிட்டிருந்தது.
பல்வரிசை மட்டும் நேற்றுப் பதிந்ததுபோல.

ஐந்து பெண்கள் ஒரு குழு.
ஒருத்தி தவறினால் நால்வர் கட்ட வேண்டும்.
கையெழுத்துப் போட்ட அன்று எல்லோரும் சிரித்தார்கள்.
பத்தொன்பதாவது வாரம் யாரும் சிரிக்கவில்லை.
கஜகஸ்தான் மாவு, மூட்டைக்கு நாற்பது ஏறியிருந்தது.
'ரொட்டியைச் சின்னதாக்கு' என்றேன், அதிகாரி அல்லவா.
ரொட்டி நடுவில் குத்துகிற முள் அச்சை என் முன் நீட்டினாள்:
'அச்சு இவ்வளவு. இதைவிடச் சின்னதாக எதில் குத்துவது?'
அந்த வாரம் ரிசோலத் முட்டை விற்றுக் கட்டினாள்.
ரிசோலத்தின் மாடு படுத்துவிட்ட வாரம்
மவ்ஸூனா கட்டினாள், பாதி பணமாக, பாதி ரொட்டியாக.
ரொட்டியை வரவு வைக்க என் பேரேட்டில் பத்தி இல்லை.
தின்றேன். என் பையிலிருந்து முப்பத்தைந்து போட்டேன்.
மேலாளரிடம் சொல்லவில்லை.

மனம் ஒட்டாமல் செய்வதைத்தானே
'கடனே என்று' செய்வதாகச் சொல்கிறோம்.
அவள் நிஜமாகவே கடனே என்றுதான் எழுந்தாள்,
இரவு மூன்று மணிக்கு.
கடனே என்று பிசைந்தாள்,
கடனே என்று முழங்கைவரை நெருப்புக்குள் விட்டாள்,
கைமுடி பொசுங்கும் வாசனையோடு
தெரு விழித்தது.

எல்லோருக்கும் உப்பி வரவில்லை.
அடுத்த சந்தில் குல்பஹோர் தையல் மெஷின் வாங்கினாள்.
மகன் ஆஸ்பத்திரிக்குப் போனான்,
மெஷின் அவன் பின்னாலேயே போனது.
இப்போதும் எனக்குத் தேநீர் ஊற்றுகிறாள்.
கோப்பையைத் தொடாமல் ரசீது எழுதிவிட்டு வருவேன்.

மார்ச்சில் நூரிதின் வந்தான்.
கையில் பெட்டி இல்லை, பாஸ்போர்ட்டில் ஐந்து வருடத் தடை.
ரொட்டியை இறக்கித் தேநீரில் ஊறவைத்து
பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க
ஒரு துணுக்கு விடாமல் தின்றான்.
பிறகு ஒரு மாதம் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.
'ஒரு தந்தூரை விற்றால் கஜகஸ்தானாவது போகலாம்' என்றானாம்.
'அதில் நாலு பேர் கையெழுத்து வெந்துகொண்டிருக்கிறது' என்றாளாம்.

ஏப்ரலில் மண் குழைத்தான், ஆட்டுமயிர் கலந்தான்.
பதினாலாவது மாடியில் செங்கல் அடுக்கிய கை
இடுப்பு உயரத்துக்கு மூன்றாவது தந்தூரை எழுப்பியது.
கட்டி முடித்தபின்
காவலாளி அவனை விரட்டாத முதல் கட்டிடம்.

இரண்டாவது கடனுக்காக நேற்றுப் போயிருந்தேன்.
'கணவரின் தொழில்?' படிவத்துக்காகக் கேட்டேன்.
'என்னிடம் வேலை பார்க்கிறார்.'
சைக்கிள் கூடையில் ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்தவன்
தலை நிமிரவில்லை:
'சம்பளம் இன்னும் பேசவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.'
மகள் சித்தோரா சிரித்த சிரிப்பில் மாவு பறந்தது.

நோக்கம்: 'கூரை'.
மழையில் மூன்று அடுப்பும் அணைகின்றனவாம்.

ஆணி அங்கேயேதான் இருந்தது.
தவணை அட்டையை மாட்டியிருந்தார்கள்,
ஐம்பத்திரண்டு கட்டமும் நிரம்பி,
ஓரம் கொஞ்சம் கருகி.