எடைமேடை

பழைய இரும்புக் கிடங்கின் எடைமேடையில்
பதினோரு வருஷம் உட்கார்ந்தவள் நெரிஸ்.
லாரி சுமையோடு ஒரு முறை ஏறும்,
காலியாக ஒரு முறை.
கழித்து வருவதுதான் சரக்கு.

ஸ்வான்சீயில் இன்றும் மழை.
ஏழு மாதத்து மாக்சனின் வாயில் அவள் சுண்டுவிரல்.
மறு கையால் கழிக்கிறாள்:
சம்பளம் ஆயிரத்து எழுநூற்றுப் பத்து.
காப்பகம் ஆயிரத்து இருநூற்று எண்பது,
டயப்பர் தனி, பஸ் தனி,
ஆறு மணி தாண்டினால் நிமிஷத்துக்கு ஒரு பவுண்டு.

மிச்சம் இருநூற்றுச் சொச்சம்.
"இதுக்கா போகணும்?"
சட்டைக்கு இஸ்திரி போட்டபடி கேட்கிறான் இவான்.
கெட்டவனில்லை.

தாளைத் திரும்பப் பார்க்கிறாள்.
காப்பகம் அவன் சம்பளத்தின் கீழ்
எங்கும் எழுதப்படவில்லை.
எழுதியது அவள் கைதான்.

கேபினில் காலடியில் ஒரு ஹீட்டர்.
கண்ணாடியைத் தட்டி
"நெரிஸ், எவ்வளவு?" என்பார்கள் டிரைவர்கள்.
அவள் சொன்னதே எடை.
அதை எந்த வரியில் போடுவது?

பிள்ளை தூங்கிப்போனான்.
குளியலறைத் தராசில் ஏறுகிறாள்
அவனோடு ஒரு முறை.
கட்டிலில் கிடத்திவிட்டு வந்து
தனியாக ஒரு முறை.

கழிக்க மறந்து
இரண்டாவது எண்ணையே
பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.