சவத்த விடும்வே

என் பெயர் சங்கிலிபூதம்.
சென்னையிலிருந்து வந்த முதல் மதிப்புரை
அதைத்தான் பிடித்துக்கொண்டது:
"பேய்ப்பட நூலுக்கு இப்படியொரு புனைபெயர்
கொஞ்சம் மிகை."
ரேஷன் கார்டிலும் அதே மிகைதான் ஐயா,
மின்வாரியச் சம்பளப் பட்டியலிலும்.
எங்கள் தெருவில் மட்டும் நாலு சங்கிலிபூதம்.
ஒருத்தன் பல் டாக்டர்.

முதல் புத்தகம் வெள்ளைச் சேலையைப் பற்றியது.
நாற்பத்திரண்டு படங்களில் பேய் உடுத்தியதை
முழம் முழமாக அளந்திருந்தேன்,
எதில் கஞ்சி போட்டது, எதில் போடாதது என்பதுவரை.
"ஜவுளிக்கடைக் குறிப்பேடு" என்றது கோவில்பட்டிச் சிற்றிதழ்.
அடுத்ததில் கோட்பாடு சேர்த்தேன்.
"கோட்பாடு கூடிவிட்டது, பேயைக் காணோம்" என்றது
அதே இதழ், அதே ஆள்.
முன்னூறு பிரதியில் இருநூற்றுப் பத்து
கட்டிலுக்கடியில்.
ராத்திரி எலி புரட்டும் சத்தம் கேட்கும்.
மறுவாசிப்பு.

சீவலப்பேரிக்காரர் ஒருவர் தபாலட்டை போட்டிருந்தார்:
"எங்க ஊர்க் கொடைக்கு வாரும்.
சாமக்கொடையில எங்க மாமா
பந்தத்தோட தனியா சுடுகாட்டுக்குப் போவாரு.
திரும்பி வந்து சுக்குக்காப்பி கேப்பாரு.
உம்ம தியேட்டர்ப் பேய்க்கு
நடுவுல மணியடிச்சு முறுக்கு விக்கான்.
இதுக்கு எதுக்குவே புத்தகம்?"
பதில் எழுதவில்லை.
அட்டையைத் தூரப் போடவும் இல்லை.

மூன்றாவது, தானாகத் திறக்கும் கதவுகள்.
அதற்குத்தான் பாளையங்கோட்டையிலிருந்து
பேராசிரியர் எமரென்சியா
கல்லூரி மலரில் ஆறு பக்கம் எழுதினார்.
ஐந்தே முக்கால் பக்கம் பாராட்டு என்றார்கள் படித்தவர்கள்.
எனக்கு மனப்பாடம் அந்தக் கால் பக்கம்:
"கீல், தாழ்ப்பாள், எண்ணெய் காணாத கிரீச்
எல்லாம் இவர் காதில் துல்லியமாக விழுகிறது.
அந்தப் பக்கம் யார் என்று மட்டும்
ஒரு தடவையும் கேட்கவில்லை.
இவருக்குப் பயமே வரவில்லை."

வண்ணாரப்பேட்டை டீக்கடையில்
மைதீன்பிச்சை படித்துவிட்டு மடித்துத் தந்தான்.
"சவத்த விடும்வே."
எங்கள் ஊரில் எதை விடச் சொன்னாலும்
முதலில் அதைப் பிணமாக்கிவிடுவோம்.
அப்படியும் அது விடவில்லை.
பதினோரு வருஷம். கணக்கெடுக்கப் போன வீடுகளில்
மீட்டர் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம்
கீல் சத்தம் அவர் குரலில் கேட்டது.

போன ஐப்பசியில் மழைக்கு ஒதுங்கி
நூலகத்துக்குள் நுழைந்தேன்.
சினிமா அலமாரி, கீழ்த்தட்டு,
முதுகில் பச்சைத் துணி ஒட்டிய என் கதவுப் புத்தகம்.
கடைசித் தாளில் ஏழு தேதிகள்.
உள்ளே பென்சில்.
நாற்பத்தொன்றில் "பொய்".
அறுபதில் "வருஷம் தப்பு". தப்புதான்.
நூற்றுப் பதினெட்டில், ஓரமாக, பொடி எழுத்தில்:

"அம்மா போன பதினாறாம் நாள் இதைப் படித்தேன்.
ராத்திரி கதவைச் சாத்தவில்லை.
வந்தால் வரட்டும் என்று இருந்தேன்.
வரவில்லை"

முற்றுப்புள்ளி இல்லை. பெயர் இல்லை.
ஏழில் எந்தத் தேதி என்று எப்படிப் பார்ப்பது?
பதினாறு என்பதால் எமரென்சியா இல்லை என்று நினைத்தேன்.
பிறகு, பதினாறு
வெறும் பதினாறாகவும் இருக்கலாமே என்று நினைத்தேன்.
"எடுக்கீங்களா சார், வைக்கீங்களா?
பூட்டணும்."

எடுத்தேன்.
முத்திரை விழுந்த சத்தத்துக்குத்
தூக்கிவாரிப் போட்டது.

அன்று ராத்திரி தாழ்ப்பாளில் கைவைத்தபடி
நின்றுகொண்டிருந்தேன்.
உள்ளிருந்து வடிவு கேட்டாள், "யாரு?"
"யாருமில்ல."
"பொறவு ஏன் நிக்கிய?"