ஐந்தாம் தடம்

ஜெல்லில் மின்சாரம் ஓடி முடித்தபோது
ஹனோவரில் பனி மழையாக மாறிக்கொண்டிருந்தது.
முதல் தடத்தில் மாட்டு இதயம்,
அடுத்தது உருளைக்கிழங்கு,
பிறகு ரொட்டிப் பூஞ்சை, ஒரு கடுகினச் செடியின் இலை.
நான்கிலும் ஒரே உயரத்தில் நீலக் கோடு,
பந்தியில் இலைக்கு முன்னால் அமர்ந்தவர்கள் மாதிரி.

மூச்சுச் சங்கிலியின் முதல் கூட்டமைப்பு.
நாற்பதுக்கும் மேற்பட்ட புரதத் துணையலகுகள்
தோளோடு தோள் நின்று
எலெக்ட்ரானை வாங்கிக் கைமாற்றும் இடம்.
அவற்றில் ஒன்றை
எங்கள் குடும்பத்துக்கு நன்றாகத் தெரியும்.

என் தம்பி ஹின்னர்க்குக்கு
அந்தத் துணையலகின் முந்நூற்று நாற்பதாம் இருக்கையில்
ஆள் மாறிப்போயிற்று.
ஓர் அமினோ அமிலம். ஒன்றே ஒன்று.
இருபத்துமூன்று வயதில், ஒரு மார்ச் மாதம்,
டிராக்டரை நிறுத்திவிட்டு
கண்ணாடியை யார் அழுக்காக்கியது என்று கேட்டான்.
மே மாதம்
நான் எதிரில் நின்றால்
தோள் இருந்தது, கூந்தல் இருந்தது,
முகம் மட்டும் இல்லை.

அம்மா அதே பிழையை எனக்கும்தான் கொடுத்தாள்.
நான் பார்க்கிறேன்.
ஏன் என்று கேட்டால்
கட்டுரைகள் சதவீதம் சொல்கின்றன.

ஐந்தாம் தடம், புல்லுருவி.
எல்பே கரை ஆப்பிள் தோட்டத்தில்
அவனே ஏணியேறி, தடவித் தடவி
வெட்டிக் கொடுத்தது.
"அடுத்தவன் சாறு உறிஞ்சுற ஜென்மம்,
இதுக்கு ஒரு ஆராய்ச்சியா?"

ஐந்தாம் தடத்தில் கோடு இல்லை.
புது இலை அரைத்தேன். புது ஜெல் வார்த்தேன்.
மூன்றாம் முறை
என் கைமேல் நம்பிக்கை போய்
பக்கத்து மேசை யோரிட்டை ஓட்டச் சொன்னேன்.
இல்லை.
நான்காம் துணையலகு மட்டுமல்ல,
கூட்டமைப்பே இல்லை.
மரபணுவில் போய்த் தேடினால்
அந்தப் பக்கங்கள் கிழிந்திருந்தன.

ஓர் எழுத்து பிசகியதற்கு
என் தம்பி இரண்டு கண்களைக் கட்டினான்.
இதுவோ அத்தியாயத்தையே தொலைத்துவிட்டு
ஜனவரியில், இலையற்ற மரத்தின் உச்சியில்
பச்சைப் பசேலென்று,
வெள்ளைக் காய் பிடித்து.

இதில் நீதி ஏதாவது இருந்தால்
பார்வையுள்ள எனக்கும் தெரியவில்லை.

ராத்திரி ஃபோனில் சொன்னேன்.
ரொம்ப நேரம் சத்தமில்லை. நாய் குரைத்தது.
"அப்ப அது மூச்சு விடுதா?"
"விடுது. வேற வழியில."
"வளருதா?"
"மெதுவா."

கேட்டுக்கொண்டான்.
பிறகு,
"வடக்கு வரிசையில இன்னும் ஆறு கொத்து இருக்கு, வீப்கே.
மரம் சாகுது. வெட்டித்தான் ஆகணும்.
ஞாயித்துக்கிழமை வா,
ஏணியைப் பிடிச்சுக்க."