எழுபத்திமூண்டு

வேகமுள் செத்து ஒன்பது வருசம்.
நிண்டாலும் ஓடினாலும்
இருபதிலைதான் கிடக்கும்.

காதாலைதான் ஓட்டுறன்.
ஐம்பதிலை டாஷ்போர்ட் மூடி கிலுகிலுக்கும்.
அறுபதிலை பக்கக் கண்ணாடிக்குள்
பின்னாலை வாற லொறி ரெண்டாகும்.
அதுக்கு மேலை
எஞ்சின் சத்தம் பல்லுக்குள்ளை வரும்,
றேடியோவை நிப்பாட்டலாம்.

குருநகரிலை ஏத்தினது
முந்நூறு கிலோ நண்டு, ஐஸ், ஈரச்சாக்கு.
விடிய முன்னம் வவுனியா.

"உது அறுபதைத் தாண்டினால்
மீசையை எடுக்கிறன், ஜெசிந்தா"
எண்டவர் கராஜ் மரியதாஸ்,
டீசல் பம்ப்பைக் கழட்டிப் பூட்டின அண்டைக்கு.

ஆனையிறவு. ரெண்டு பக்கமும் தண்ணி.
சோளகம் குறுக்காலை தள்ளுது.
நேராய்ப் போக
ஸ்ரேரிங்கைக் கொஞ்சம் கோணலாய்ப் பிடிக்கவேணும்.

கொழும்பு பஸ் ஒண்டு
நீல லைற்றோடை முந்திக்கொண்டு போச்சு.
நான் மிதிச்சன்.
ஒண்டும் நடக்கேல்லை.
பிறகு, ஆறுதலாய், நடந்துது.

பரந்தன் தாண்ட ரோச் வெளிச்சம்.
பொலிஸ்காரப் பெடியன் மெஷினைக் காட்டினான்:
எழுபத்திமூண்டு.
"இதுவோ?" எண்டு பொனற்றைத் தொட்டன். சுட்டுது.
அவன் புகையைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்,
திரும்ப ஒருக்கா மெஷினைப் பார்த்தான்.

தண்டச் சீட்டு எழுதேக்கை
இலக்கத்தை வடிவாய் எழுதச் சொன்னன்.

தபால் கந்தோரிலை காசு கட்ட முன்னம்
ஃபோட்டோக் கொப்பி ஒண்டு எடுத்தன்.
இப்ப அது வேகமுள்ளுக்கு மேலை ஒட்டியிருக்கு.
நண்டுத்தண்ணி பட்டு ஒரு மூலை ஊறிப்போச்சு,
இலக்கத்துக்கு ஒண்டுமில்லை.

கராஜ் மூண்டு நாளாய்ப் பூட்டு.