வாடகை நோட்டில் இல்லாதது

ஸ்டவ் நாளுக்கு இருபது.
குக்கர் பதினைந்து. பாய் ஐந்து.
பக்கெட் சும்மா, மக் வேண்டுமென்றால் இரண்டு.
பரந்தாமன் லாட்ஜ் வாடகை நோட்டில்
எல்லாவற்றுக்கும் ஒரு வரி உண்டு.
மூன்று சக்கர சைக்கிளுக்கு மட்டும் இல்லை.

யார் விட்டுப்போனதோ.
நான் ராத்திரி டூட்டிக்குச் சேர்ந்தபோதே
மாடிப்படிக்கு அடியில் நின்றிருந்தது.
சிவப்பு; வெயில் படும் பக்கம் மட்டும் ரோஸ்.
இடது கைப்பிடியில் ரப்பர் போய்
யாரோ ஆஸ்பத்திரிப் பேண்டேஜைச் சுற்றியிருந்தார்கள்.

காந்தி ரோட்டுக்குப் பின்னால் இந்தச் சந்தில்
தமிழ் பேசுவது நானும், தண்ணீர் கேன் போடும் இம்தியாஸும்.
மற்றவர்கள் பாங்குரா, அகர்தலா, சில்சார்,
ரயிலில் இரண்டு ராத்திரி உட்கார்ந்து
ஃபைலை நெஞ்சோடு பிடித்தபடி
காட்பாடியில் இறங்குகிறவர்கள்.
நம் ஊரில் அவர்களுக்கு முதலில் வேண்டிய சொல் ஆட்டோ,
அடுத்தது டோக்கன்.
பிள்ளைகளுக்கு ஒரு சொல்லும் வேண்டியிருக்கவில்லை.
பெட்டி தரையைத் தொடுமுன்
படிக்கு அடியில் பார்த்துவிடுவார்கள்.

வராண்டா இருபத்திரண்டு டைல்ஸ் நீளம்.
அந்தக் கோடியில் ஃபில்டர், அங்கே திருப்பம்.
ஏழாம் நம்பர் ஜும்பாவுக்கு ஒன்பது வயது,
கால் நீளம், முட்டி இரண்டும் வெளியே துருத்தும்.
வலது கையில் ஊசி குத்தின இடம் வீங்கியிருந்ததால்
ஒற்றைக் கையால் வளைப்பாள்.
மொட்டைத் தலையில் வியர்வை மினுமினுக்கும்.
அவள் முறை முடிந்தது என்று சொல்ல
இதுவரை ஒரு பையனுக்கும் தைரியம் வந்ததில்லை.

கீய்க், கீய்க் என்று கத்துகிறதென
நாலாம் நம்பர்க்காரர் புகார் சொன்னார்.
தேங்காய் எண்ணெய் விட்டேன்.
அன்று சாயங்காலம் அத்தனை அம்மாக்களும்
கரண்டியோடு வாசலுக்கு ஓடிவந்தார்கள்,
சத்தம் நின்றுபோய் பயந்து.
இரண்டு நாளில் எண்ணெய் காய்ந்தது.
நான் மறுபடி விடவில்லை.

போன செவ்வாய், ராத்திரி இரண்டு பத்து.
ஒன்பதாம் நம்பர் பையனை மத்தியானமே
தியேட்டருக்குள் கொண்டுபோயிருந்தார்கள்.
வெளியே ஒருத்தர்தான் உட்காரலாம், அம்மா இருந்தாள்.
அப்பா மட்டும் திரும்பி வந்தார்,
தண்ணீர் பாட்டில் நிரப்ப.

மேஜையில் தலை வைத்திருந்தேன். கண் திறந்திருந்தது.

பாட்டிலைக் கீழே வைத்தார்.
சைக்கிளை இழுத்தார்.
உட்கார்ந்தார்.
முட்டி காதுக்கு வந்தது.
முதலில் மிதிக்கவில்லை, பரிசல் தள்ளுவது மாதிரி
பாதத்தால் தரையைத் தள்ளித் தள்ளிப் போனார்.
ஃபில்டர் கிட்டே திரும்ப முடியவில்லை.
எழுந்து, தூக்கித் திருப்பி வைத்து, மறுபடி உட்கார்ந்தார்.
மூன்றாவது சுற்றில் மிதித்தார்.
சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை,
கொடுத்த வேலையைச் செய்கிற முகம்.
எத்தனை சுற்று என்று எண்ணவில்லை.
பிறகு டக்கென்று ஒரு சத்தம்,
பின்சக்கரம் ஒருபக்கமாகச் சாய்ந்தது.

காலையில் பரந்தாமன்,
"இன்னா இது, யாரு ஒடச்சது?"
"ஒம்போதாம் நம்பர் பையன்" என்றேன்.
"நேத்து ஆப்ரேசனுக்குப் போச்சே, அந்தப் பையனா?"
நான் பேனாவுக்கு மூடி தேடினேன்.
சீட்டின் மேல் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார்.
"சரி, வெல்டிங் கடைக்கு எட்துகினு போ.
நோட்ல எழுதாத."

கொசப்பேட்டையில் வேதகிரி நாற்பது ரூபாய் கேட்டார்.
பொறி அடங்கியதும்
"வெயிட்டு தாங்குதான்னு பாக்கணும்" என்று
தெருக்கோடி வரைக்கும் போனார்.
வெயிட் பார்க்க அவ்வளவு தூரம் தேவையில்லை.
அங்கிருந்து இன்னொரு தெருவுக்குள் திரும்பினார்.
அவர் கடையை நான் பார்த்துக்கொண்டேன்.

திரும்பும்போது பட்டப்பகல், புடவை,
தள்ளிக்கொண்டேதான் வந்தேன்.
ஒன்பதாம் நம்பர் இன்னும் பூட்டியிருந்தது.
படிக்கு அடியில் நிறுத்திவிட்டு
வராண்டாவை ஒரு தடவை பார்த்தேன்.

இன்றைக்கும் எனக்கு ராத்திரி டூட்டிதான்.