விடுபட்ட அலிஃப்

இர்பித், குடும்ப நீதிமன்றம், இரண்டாம் மாடி.
கணப்பில் மூன்று பட்டைகள், எரிவது ஒன்று.
நான் அடித்த தாளை
காஜி திருப்பி அனுப்பிவிட்டார்.
‘பிரியச் சம்மதித்தான்’ என்று இருக்கிறதாம்.
ஒற்றைக் கையால் ஓசை எழுமா மய்ஸூன்,
என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்.

எங்கள் மொழியில்
ஒன்றுக்கும் பலவுக்கும் நடுவே
இரண்டு பேருக்கென்றே தனியாக ஓர் எண் உண்டு.
வினைச்சொல்லின் கடைசியில்
நெட்டுக்குத்தாக ஒரே ஒரு கோடு.
அதை நிறுத்திவிட்டால்
வந்தான் என்பது
இருவரும் வந்தனர் ஆகிவிடும்.

பேச்சில் யாரும் அதைப் புழங்குவதில்லை.
கடையில், சண்டையில், படுக்கையில்
இருவரும் பலரோடு பலர்தான்.
மண ஒப்பந்தத்தில் எழுந்து நிற்கும்,
பிறகு
இங்கே, என் மேஜையில்.
சேர்வதற்கு வேண்டியிருந்த அதே கோடு
பிரிவதற்கும் வேண்டியிருக்கிறது.

பிரிண்டரில் மை இல்லை.
வஹீபும் ருதைனாவும்
நாற்பது நிமிடமாகப் பெஞ்சில்.
நடுவில் அவள் கைப்பை, ஓர் ஈரக் குடை.
எவ்வளவு நேரம் ஆகும் என்றான்.
ஐந்து நிமிடம், இன்ஷா அல்லாஹ் என்றேன்.
இரண்டுக்கும் என்ன பொருள் என்று
அவனுக்குத் தெரியும்.

அப்போதுதான் தும்மினான்.
அல்ஹம்துலில்லாஹ் என்றான்.
கேட்டவர் யாராவது பதில் சொல்லியாக வேண்டும்,
அந்தரத்தில் விட முடியாது.
நடையில் வேறு ஆள் இல்லை.
கதவுக்கு இந்தப் பக்கம் நான் வாயெடுப்பதற்குள்
அவள் சொல்லிவிட்டாள்,
கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்:
இறைவன் உனக்கு இரங்கட்டும்.

அதற்கும் ஒரு பதில் உண்டு.
அவன் கொஞ்சம் தாமதித்தான்.
இறைவன் உங்களுக்கு வழி காட்டட்டும்,
உங்கள் காரியங்களைச் சீராக்கட்டும்.

உங்கள் என்றது மரியாதைக்கு இல்லை.
எதிரில் ஒருத்தியே இருந்தாலும்
அந்த வாழ்த்து பன்மையில்தான் வரும்.
எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேன்,
அவளோடு வேறு யாரை எல்லாம்
சேர்த்து வாழ்த்துகிறோம் என்று
இதுவரை யோசித்ததில்லை.

மை வந்தது. தாள் வந்தது.
விரல் வைத்துப் பார்த்தேன்:
இருவரும் ஆஜராயினர்,
இருவரும் சம்மதித்தனர்,
இருவரும் பிரிந்தனர்.
மூன்று அலிஃபும் சாயாமல் நின்றன.

என் பேனா அவளுக்கு எழுதவில்லை.
அவன் தன்னுடையதை மூடி கழற்றி நீட்டினான்.
கையெழுத்திட்டாள். திருப்பித் தந்தாள்.

வெளியே மழை விட்டபாடில்லை.
குடை ஒன்றுதான்.
படியிறங்கும் சத்தம் கேட்டது,
எத்தனை கால்கள் என்று எண்ணவில்லை.
தாளில் முத்திரை குத்தி
அடுத்த எண்ணைக் கூப்பிட்டேன்.