சேர்ந்த தேதி

பெயர்ப் பலகை மாற்ற வந்தவர்கள்
பழைய பலகையின் ஆணிகளையே
நிமிர்த்தி அடித்தார்கள்.
பெங்களூரா சீசன். லாரி வரிசை
சந்தூர் ரோடு வரை.
எடைமேடையிலிருந்து பார்த்தேன்:
முதலாளியின் அப்பா பெயர்
டெம்போவில் மல்லாக்கப் படுத்து
போச்சம்பள்ளிப் பக்கமாய்ப் போனது.

திங்களன்று என்னிடம் ஒரு ஸ்டாப்வாட்ச் தந்தார்கள்.
பதினாலு வருஷம் டன்னும் கிலோவும் எழுதிய கைக்கு
விநாடி எழுத வரவில்லை.
ஒரு கூடை வெட்ட நஞ்சம்மாவுக்கு எவ்வளவு,
ஷம்ஷாத்துக்கு எவ்வளவு,
கொட்டை தள்ளுகிற மாதையனுக்கு எவ்வளவு.
நஞ்சம்மா கத்தியை நிறுத்தாமல் கேட்டாள்:
"மூச்சு வுடறதையும் சேத்தா சார்,
சேக்காமயா?"

கழிப்பறைக்கு ஆறு நிமிஷம் என்று
நோட்டீஸ் ஒட்டியிருந்தது.
சாப்பாட்டு நேரத்தில் நானே நடந்து பார்த்தேன்.
பாய்லர் கொட்டகை தாண்டி,
கொட்டைக் குவியலைச் சுற்றிக்கொண்டு,
வாயை மூடி ஈக்களுக்குள் புகுந்து
கதவைத் தொட்டுவிட்டு மட்டும் திரும்பினால்
ஐந்து நிமிஷம் நாற்பது விநாடி.
நியாயம் கிடைக்கும் என்று
எழுதிக் கொடுத்தேன்.
துல்லியமான வேலை என்று பாராட்டினார்கள்.
மறுநாள் நோட்டீஸில் ஆறு இல்லை.
ஐந்து நாற்பது.

அதற்கப்புறம் மூன்று நாள்
வெட்டுமேடையில் யாரும்
என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.
டீ மட்டும் வந்தது. சர்க்கரை இல்லாமல்.

பிறகு அந்தக் காகிதம்.
ஓசூரிலிருந்து நிதின் என்றொரு பையன் கொண்டுவந்தான்.
நல்ல பையன். எல்லாருக்கும் தண்ணீர் பாட்டில் கொடுத்தான்.
முதல் தாளில் ராஜினாமா.
இரண்டாம் தாளில் புதிதாகச் சேர்க்கை.
"சும்மா ஃபார்மாலிட்டிங்க" என்றான்.
ஒரு கையெழுத்துக்கும் அடுத்த கையெழுத்துக்கும்
நடுவே உள்ள நேரத்தை
என் வாட்ச்சால் அளக்க முடியாது.
அந்த இடுக்கில்தான்
எல்லாருடைய வருஷங்களும் விழ வேண்டும்.

படித்துக் காட்டச் சொன்னார்கள்.
தமிழில் வரிவரியாகப் படித்தேன்.
திம்மக்காவுக்குத் தெலுங்கில் சொல்ல வந்தவன்
'என் சொந்த விருப்பத்தின் பேரில்' என்ற இடத்தில் திணறி
இஷ்டம் என்றேன்.
"எவரி இஷ்டம்?" என்றாள்.
யாருடைய இஷ்டம்.
நிதின் கடிகாரத்தைப் பார்த்தான்.

திம்மக்கா முதல் தாளைத் தொடவில்லை.
முந்தானையில் கை துடைத்துக்கொண்டு
இரண்டாம் தாளை இழுத்தாள்.
சேர்ந்த தேதி என்ற கட்டத்தில்
நிறுத்தி நிறுத்தி எழுதினாள்:
6.6.2011.
"அம்மா, இன்னைக்குத் தேதி போடணும்."
"சேந்த தேதின்னுதானப்பா கேட்டிருக்குது?
நான் அன்னிக்குத்தான் சேந்தேன்.
பையன் இடுப்புல இருந்தான்."

நஞ்சம்மா அவளுடையதை எழுதினாள்.
ஷம்ஷாத் எழுதினாள், ரம்ஜான் கழிந்த வாரம் என்று
முதலில் சொல்லி, பிறகு கணக்குப் போட்டு.
மாதையன் என்னிடம் வந்தான்.
"எனக்கு நெனப்பில்ல சார். உங்களுக்குத் தெரியுமே."

தெரியும்.
பழைய பேரேடுகளை எடைக்குப் போடச் சொல்லி
உத்தரவு வந்து பத்து நாள் ஆகிறது.
எல்லாவற்றையும் எடை போடும் எனக்கு
அவற்றைப் போட மட்டும் நேரமில்லாமல் போயிற்று.
பீரோவைத் திறந்தேன்.
தூசிக்கு நிதின்தான் முதலில் தும்மினான்.
தேதிகளை வாசித்தேன்.
இறந்துபோன இரண்டு பேருடையதையும்
தெரியாமல் வாசித்துவிட்டேன்.
யாரும் திருத்தவில்லை.

நாற்பத்து மூன்று தாள்களை அடுக்கிக்கொண்டு
நிதின் சிக்னல் தேடி வெளியே போனான்.
கொட்டைக் குவியல் பக்கம் நின்று
சரி சார், சரி சார் என்று
ஈக்களை விரட்டிக்கொண்டிருந்தான்.
அவனும் ப்ரொபேஷனில்தான் என்று
ஷம்ஷாத் எப்படியோ தெரிந்து வைத்திருந்தாள்.

மேசையில் மீதி இருப்பது
என்னுடைய இரண்டு தாள்கள்.
என் தேதியை நான் எந்தப் பேரேட்டிலும் தேட வேண்டாம்.
பேனாவைத்தான் யாரோ கொண்டுபோய்விட்டார்கள்.
எடைமேடையில் லாரிக்காரன் ஹாரனை விடாமல் அடிக்கிறான்.
ஸ்டாப்வாட்ச்சை நிறுத்த மறந்திருக்கிறேன்.
ஓடுகிறது.